கிழவன் சொன்னதெல்லாம் குப்பையா?

போன வருடம் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கெட்டுப்போன எதிர்காலத்தைச் சொல்கிற மேலைநாட்டு நாவல்களைப் பற்றிய கூட்டம். டிஸ்டோப்பியா என்கிறார்கள். பேசிய நண்பர் நல்ல படிப்பாளி. ஆர்வெல், ஹக்ஸ்லி, பிராட்பரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், முடிக்கும்போது குரல் தழுதழுக்க ஒன்று சொன்னார். நாம் எல்லோரும் நினைவுகளை இழந்துகொண்டிருக்கிறோமாம். ஒரு நாள் நாம் யார் என்பதே நமக்கு மறந்துபோகுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். நான் யார் என்பது எனக்கு மறந்துபோகுமா? மறக்க விட்டால்தானே! வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மூன்றாவது கேள்வியில் ஞாபகப்படுத்திவிடுகிறார்கள். எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, அப்பா என்ன பண்றாரு? அவ்வளவுதான். எம்.ஏ. தமிழ் படித்தது, மேடையில் பேசியது, புத்தகம் போட்டது எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியில் காணாமல் போய்விடும். இந்த நாட்டில் எங்கள் விஷயத்தில் மட்டும் யாருக்கும் மறதி வியாதி வந்ததில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் கேட்காததை இங்கே கேட்கிறேன். இந்த நாவல்களில் அழிகிற நினைவு யாருடையது? இழக்கிறவன் யார்? 'நாம்' என்று சொல்லிக் கண் கலங்குகிறீர்களே, அந்த 'நாம்' என்பதற்குள் யார் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள்?

ஆர்வெல்லைக் கொளுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புத்தகத்தைக் கொளுத்துவது எங்கள் பழக்கம் இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டதே, அதை எரித்ததற்கான காரணம் உலகத்துக்கே தெரியும். ஆர்வெல்லைப் படியுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். முழுசாகப் படியுங்கள் என்கிறேன்.

'1984' நாவல் 1949இல் வந்தது. அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு அரசாங்க வேலை. பழைய செய்தித்தாள்களில் இருப்பதைக் கட்சிக்கு ஏற்றபடி திருத்தி எழுத வேண்டும். பழைய தாளைச் சுவரில் இருக்கிற ஒரு துவாரத்தில் போட்டால், அது கீழே உலைக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். அந்தத் துவாரத்துக்கு நினைவுத் துவாரம் என்று பெயர். ஒரு நாள் ஓகில்வி என்று ஒரு வீரனை வின்ஸ்டனே கற்பனையில் உண்டாக்குகிறான். பிறக்காத ஆள், சாகாத ஆள். ஆனால் காகிதத்தில் ஏறிவிட்டதால் இனி அவன் இருந்தவன்தான். இந்த இடங்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஸ்டாலின் காலத்தில் புகைப்படங்களிலிருந்து ஆட்களை அழித்தார்களே, அதைத்தான் ஆர்வெல் சொல்கிறார் என்று விளக்குகிறார்கள். சரிதான். மறுக்கவில்லை.

யாரும் மேற்கோள் காட்டாத இடம் ஒன்று இருக்கிறது. புரட்சிக்கு முன்னால் வாழ்க்கை நன்றாக இருந்ததா, மோசமாக இருந்ததா என்று வின்ஸ்டனுக்குத் தெரிய வேண்டும். காகிதத்தை நம்ப முடியாது, ஏனென்றால் காகிதத்தைத் திருத்துகிறவனே அவன்தான். ஆகவே உழைக்கும் சனங்கள் குடிக்கிற கடைக்குப் போகிறான். ஒரு கிழவன். எண்பது வயது இருக்கும். புரட்சிக்கு முந்தைய காலத்தைக் கண்ணால் பார்த்தவன். அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்துக் கேட்கிறான். அந்தக் காலத்தில் தொப்பி போட்ட பணக்காரர்கள் இருந்தார்களாமே, அவர்கள் எதிரே வந்தால் உங்களை மாதிரி ஆட்கள் தொப்பியைக் கழற்ற வேண்டுமாமே, நடைபாதையிலிருந்து தள்ளிவிடுவார்களாமே, நிஜமா?

கிழவன் சொல்கிறான். ஆமாம், தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டினால் அவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் பலமுறை செய்திருக்கிறேன். தள்ளியும் விட்டிருக்கிறார்கள். ஒரு இரவு, குடித்துவிட்டுத் தள்ளாடி வந்த ஒரு கனவான் மேல் தெரியாமல் இடித்துவிட்டேன். நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான், பஸ் சக்கரத்தில் விழத் தெரிந்தேன். அப்போது நான் இளவட்டம், திருப்பி அவனுக்கு ஒன்று கொடுத்திருப்பேன், ஆனால்...

அந்த 'ஆனால்' என்ற இடத்தில் வின்ஸ்டனுக்கு அலுத்துவிடுகிறது. இந்தக் கிழவனின் மூளை சில்லறை விவரங்களின் குப்பைமேடு, இவனிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். எறும்புக்குச் சின்னது தெரியும், பெரியது தெரியாது என்று ஒரு உவமை வேறு. எழுந்து போய்விடுகிறான்.

அடப்பாவி! நீ கேட்ட கேள்விக்கு அந்தக் கிழவன் பதில் சொல்லிவிட்டானய்யா! தொப்பியைத் தொட்டேன் என்றான். உடன்பாடு இல்லாமல் தொட்டேன் என்றான். தள்ளிவிட்டான் என்றான். திருப்பி அடிக்க நினைத்தேன் என்றான். புரட்சிக்கு முந்தைய காலத்தின் மொத்த வரலாறும் இந்த நாலு வரியில் இருக்கிறது. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவனின் பேரப்பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். வின்ஸ்டனுக்குப் புரியவில்லை. ஏன்? அவன் தேடிப் போனது வேறு. நல்லா இருந்துச்சு, அல்லது கெட்டுப் போயிருந்துச்சு என்று ஒரே வரியில் சொல்கிற சாட்சி அவனுக்கு வேண்டும். கிழவன் தன் உடம்பில் பட்டதைச் சொன்னான். உடம்பில் பட்டது வரலாறு இல்லை, விவரம். விவரம் என்றால் குப்பை.

அதே வின்ஸ்டன் பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடிக் குண்டை வாங்குகிறான். உள்ளே பவளம், தாள் பறக்காமல் வைக்கிற பொருள். அதைப் பார்த்து உருகுகிறான். அழகான பழைய தாளில் நாட்குறிப்பு எழுதுகிறான். இறந்த காலத்தின் அழகு அவனுக்கு வேண்டும். இறந்த காலத்தில் தள்ளிவிடப்பட்டவன் வேண்டாம். நம் இலக்கியவாதிகளும் அந்தக் கண்ணாடிக் குண்டைத்தான் பார்க்கிறார்கள். பழைய வீடு, பழைய முற்றம், பாட்டி வைத்த குழம்பு, எல்லாம் போச்சே என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த முற்றத்தைத் தாண்டி எங்கள் பாட்டி உள்ளே வந்தாளா என்று கேட்டால் அரசியல் பேசாதே என்கிறார்கள்.

ஆர்வெல்லுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 1903இல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர் அவர். அப்பா வெள்ளைக்கார அரசாங்கத்தின் அபினித் துறை அதிகாரி. அவரே 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். தனக்கு சலாம் போட்ட கைகளைப் பார்த்தவர். அதனால்தான் அந்தக் கிழவனின் வாயில் அந்தச் சொற்களை வைக்க முடிந்திருக்கிறது. நாயகனைவிட நாவலாசிரியருக்குக் கூடவே தெரிந்திருக்கிறது. தெரியாதது நாயகனோடு சேர்ந்து கிழவனைத் தாண்டிப் போகிற வாசகருக்கு.

ஹக்ஸ்லிக்கு வருவோம். 1926இல் வந்த பயண நூலில் இந்தியாவைப் பற்றியும் எழுதியவர். 1932இல் 'துணிவான புது உலகம்' வந்தது. அதில் மனிதர்களைக் குப்பியில் உண்டாக்குகிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து படிநிலை. இவற்றுக்கு அவர் வைத்த சொல் சாதி. ஆங்கில மூலத்தில் நமக்கெல்லாம் தெரிந்த அதே சொல். கீழ்ச்சாதிக் கருவுக்குப் பிராணவாயுவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். டெல்டா குழந்தைகள் புத்தகத்தைத் தொட்டால் மின்சார அதிர்ச்சி கொடுக்கிறார்கள், வாழ்நாளெல்லாம் புத்தகத்தைக் கண்டாலே அலறவேண்டும் என்று. ஹக்ஸ்லி இதை 26ஆம் நூற்றாண்டில் நடப்பதாகக் கற்பனை செய்தார். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதியவன் அவருக்கு எத்தனை நூற்றாண்டு முன்னால் போய்விட்டான் பாருங்கள்.

இந்த நாவலைப் பேசுகிறவர்கள் எதற்கு அழுகிறார்கள் தெரியுமா? ஷேக்ஸ்பியர் தடைசெய்யப்பட்டுவிட்டாரே என்று. நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் அதே நாவலில் மின்தூக்கி ஓட்டுகிற ஒரு எப்சிலான் ஆள் வருகிறான். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போய்வருகிற வேலை. மொட்டை மாடிக்கு வந்து கதவைத் திறக்கிறபோது வெயில் முகத்தில் அடிக்கிறது. 'மாடி, மாடி' என்று பரவசத்தோடு சொல்கிறான், தூக்கத்திலிருந்து முழித்தவன் மாதிரி. உள்ளே இருந்த மேல்சாதி ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். மணி அடிக்கிறது, கீழே வா என்று உத்தரவு. அவன் இருட்டுக்குள் இறங்கிவிடுகிறான். அவ்வளவுதான் அவன் பங்கு. ஒரு நிமிஷ வெயிலில் அவனுக்கு என்ன ஞாபகம் வந்தது? நாவலும் கேட்கவில்லை, விமரிசகரும் கேட்கவில்லை. ஷேக்ஸ்பியரை இழந்தவனுக்குப் பேர் இருக்கிறது, தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. வெயிலை இழந்தவன் போகிற போக்கில் வந்து போகிறான்.

1985இல் மார்கரெட் அட்வுட் எழுதிய 'பணிப்பெண்ணின் கதை' இந்த அயோக்கியத்தனத்தைத் தெரிந்தே காட்டுகிறது. குழந்தை பெறுவதற்கென்று அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண் தன் கதையை ஒலிநாடாக்களில் பேசி வைத்துவிட்டுப் போகிறாள். ஏறக்குறைய முப்பது நாடாக்கள், ஒரு இரும்புப் பெட்டியில் கிடைக்கின்றன. நாவலின் கடைசியில், 2195இல் பேராசிரியர்கள் கருத்தரங்கம் போட்டு அதை ஆராய்கிறார்கள். ஒரு பேராசிரியர் குறைப்படுகிறார்: இந்தப் பெண் என்னென்னவோ சொல்கிறாள், அந்த அதிகாரியின் கணிப்பொறியிலிருந்து இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்! கூட்டத்தில் சிரிப்பு, கைதட்டல். தமிழ்ப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. (அந்த நாவல் மேலும் எனக்குக் கேள்வி உண்டு. படிக்கத் தடை, பெயர் பறிப்பு, பிள்ளை பறிப்பு எல்லாம் அமெரிக்காவில் கறுப்பு அடிமைப் பெண்களுக்கு நடந்து முடிந்தவை. நாவலிலோ கறுப்பர்களை எங்கோ அனுப்பிவிட்டதாக ஒரு செய்தி மட்டும் வருகிறது.)

இதோடு நிறுத்தி, வெள்ளைக்காரன் வின்ஸ்டனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. நானும் ஒரு வின்ஸ்டன்தான்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஞ்சமி நில வேலைக்காகப் போயிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கிராமத்தில் ஒரு தாத்தா. எண்பதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார வைத்து, செல்போனில் பதிவை ஓடவிட்டுக் கேட்டேன். எந்த வருஷம் பட்டா கொடுத்தாங்க? சர்வே நம்பர் என்ன? மொத்தம் எத்தன ஏக்கரு? யாரு பேர்ல இருந்துச்சு? தாத்தா சொன்னது இது: "நம்பரெல்லாம் எனக்கு இன்னா தெரியும் கண்ணு. ஏரிக்கரையில ரெட்டப் பன இருந்துச்சு. அதுக்கு இந்தாண்ட எங்கப்பன் ஏரு ஓட்டும். அந்தாண்ட அவங்க கொல்ல. ஒரு நாளு எங்கப்பன் செருப்பு போட்டுக்கினு கரை மேல வந்துடுச்சு. அந்தப் பனையிலதான் கட்டி வச்சாங்க. நான் அப்ப சின்னப் பையன். பக்கத்துலயே நின்னுக்கினு..."

நான் குறுக்கே புகுந்தேன். "சரி தாத்தா, அது இருக்கட்டும். பட்டா யாரு வச்சிருந்தாங்க?" தாத்தா என்னைப் பார்த்தார். தெரியலையே என்றார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பதிவை நிறுத்தினேன். உபயோகமான தகவல் கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம் நேரடி விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். உங்க பாட்டன் பயிர் வச்சது எந்த இடம், எல்லை எது, அடையாளம் காட்டுங்க என்றார்கள். தாத்தா அதற்குள் இறந்துபோயிருந்தார். இரட்டைப் பனையை எப்போதோ வெட்டியிருந்தார்கள். பையன்கள் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு சிரித்தது. இரவு வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். பதினோரு நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் என் குரல். எல்லையை அந்தக் கிழவன் சொல்லியிருக்கிறான். பனைக்கு இந்தாண்ட, அந்தாண்ட. அந்தப் பனை கரையில் எந்த இடத்தில் நின்றது என்று நான் கேட்கவே இல்லை. அவனுக்கு அந்த மரம் மறக்காது. அவன் அப்பனைக் கட்டி வைத்த மரம். நான் அடியைக் கேட்கப் பொறுமையில்லாமல் நிலத்தைக் கேட்டேன். அவனுக்கு அடியும் நிலமும் ஒரே இடத்தில் இருந்தன.

பஞ்சமி நிலம் என்று பதிவேட்டில் இருந்த குறிப்பு போன கதையும் இதுதான். யு.டி.ஆர். என்று சொல்கிற பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980களில் நடந்தபோது பல இடங்களில் அந்தக் குறிப்பு விட்டுப்போனது. உலை வேண்டாம், துவாரம் வேண்டாம், சிந்தனைப் போலீஸ் வேண்டாம். ஒரு எழுத்தர், ஒரு பேனா, ஒரு புதுப் புத்தகம் போதும். ஒரு நாளும் ஏர் பிடிக்காத ஓகில்விகள் பட்டாதாரர் ஆனார்கள். அந்த மண்ணைத் திருப்பிக் கேட்டபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். காரணை நிலப் போராட்டம் என்று நாங்கள் ஞாபகம் வைத்திருக்கிறோம். டிஸ்டோப்பியா பேசுகிற எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்?

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். எங்களுக்குச் சேர வேண்டியது எதுவோ அதை அரசாங்கம் மறக்கிறது. எங்களை எங்கே வைக்க வேண்டுமோ அதை ஊர் மறப்பதே இல்லை. ஆர்வெல் மறதியால் ஆளுகிற அரசைக் காட்டினார். இங்கே ஆளுகிறவனுக்கு மறதி ஒரு கை, ஞாபகம் இன்னொரு கை.

ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவா 1994இல் ஒரு நாவல் எழுதினார். 2019இல்தான் ஆங்கிலத்துக்கு 'நினைவுக் காவலர்' என்ற பொருளில் வந்தது. ஒரு தீவில் பொருட்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ரோஜா, பறவை என்று. மறைந்ததோடு அதைப் பற்றிய ஞாபகமும் சனங்களுக்குப் போய்விடும். மறக்காதவர்களைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். படித்து முடித்த இரவு எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்தத் தீவில் ஒரு நாள் காலையில் ஊர், சேரி என்ற இரண்டு சொல்லும் மறைந்துபோனால்? டீக்கடையில் தனியாகத் தொங்குகிற தம்ளர் எதற்கென்று கடைக்காரனுக்கே மறந்துபோனால்? நான் அழ மாட்டேன். பறை அடித்து ஆடுவேன். எங்களுக்கு மறதியும் ஒரு விடுதலைதான்.

உடனே சிலர் சந்தோஷப்படுவார்கள். நாங்கதான் சாதியையே மறந்துட்டமே, நீங்கதான் ஞாபகப்படுத்துறீங்க என்பார்கள். நல்லது. மறந்ததை எங்கே மறந்தீர்கள்? பத்திரத்திலா, கல்யாணப் பத்திரிகையிலா, சுடுகாட்டிலா? நிலத்தை வைத்துக்கொண்டு அது வந்த வழியை மட்டும் மறப்பதற்குப் பெயர் வேறு.

பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953இல் வந்தது. புத்தகங்களை எரிக்கிற நாட்டில், ஊருக்கு வெளியே திரிகிற சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சிலாகிக்கிற இடம். நானும் சிலாகிக்கிறேன், எங்கள் ஆட்கள் அப்படித்தான் இருந்தார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் இறந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது 1999இல். நடுவில் 85 வருஷம். யாரும் எரிக்கவில்லை, தடை போடவில்லை. தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் பேர் சொல்லவில்லை, அவ்வளவுதான். எம்.ஏ. தமிழில் எனக்கு ஒரு வரி கூட அவரைப் பற்றிப் பாடம் இல்லை. அந்தப் பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காத்து வைத்திருந்ததால்தான் மிச்சம். பிராட்பரியின் காட்டுக்குப் பயணம் போக வேண்டாம் நண்பர்களே. சேரிக்கு வந்தால் போதும்.

கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லருக்கு இது தெரிந்திருந்தது. 1979இல் வந்த அவருடைய 'கிண்ட்ரெட்' எதிர்கால நாவல் இல்லை. 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்கிற கறுப்புப் பெண் அடிமைக் காலத்து மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள், மீண்டு வரும்போது ஒரு கையை இழந்து வருகிறாள். முன்னோர்கள் ஏன் அடங்கிப் போனார்கள் என்று ஒரு இளைஞன் பழித்துப் பேசியதைக் கேட்டதில்தான் இந்த நாவலுக்கு விதை விழுந்தது என்று பட்லர் சொல்லியிருக்கிறார். திருப்பி அடிக்க நினைத்தேன், ஆனால் என்று ஆர்வெல்லின் கிழவன் இழுத்தானே, அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவதை எழுத ஒரு கறுப்புப் பெண் வேண்டியிருந்தது. 1993இல் 'விதைப்பவளின் உவமை' எழுதி 2024ஆம் ஆண்டைக் கற்பனை செய்தபோது கடன் அடிமைகளைத்தான் முதலில் கொண்டுவந்தார். எங்களைப் போன்றவர்களுக்குக் கெட்ட எதிர்காலம் என்பது புதிதாக வருவதில்லை. போனது திரும்பி வருவது.

ஆகவே இலக்கிய நண்பர்களே, நினைவு போகிறது என்று பொதுவாக அழாதீர்கள். எவன் மறக்கிறான், எதை மறக்கிறான், மறந்தபிறகு நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். தலித்துகள் எழுதினால் ஒரே விவரமாக இருக்கிறது, அழகியல் இல்லை, புலம்பல் என்கிறீர்களே, அப்போது நீங்கள் வின்ஸ்டன் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் தோழர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் எண்பது வயதில் ஒரு தாத்தாவோ ஆயாவோ இன்னும் இருக்கிறார்கள். போய் உட்காருங்கள். சர்வே நம்பர் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை, அதையும் கேளுங்கள். ஆனால் அவர்கள் செருப்பைப் பற்றிச் சொன்னால் செருப்பைக் கேளுங்கள். மரத்தைச் சொன்னால் மரம் எங்கே நின்றது என்று கையைப் பிடித்து அழைத்துப் போகச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

என்னிடம் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. "பக்கத்துலயே நின்னுக்கினு" என்கிற இடத்தில் தாத்தாவின் குரல் நிற்கிறது. அதற்கப்புறம் வருவது என் குரல்: "சரி தாத்தா, அது இருக்கட்டும்."